கையாலா, கத்தியாலா? முடிந்துபோன கொலை வழக்கைத் திரும்பத் திறப்பது பற்றி

“குத்தினேன்” என்று ஒருவர் தமிழில் சொன்னால், கையை மடக்கிக் குத்தினாரா, கத்தியால் குத்தினாரா? நமக்கு இரண்டுக்கும் ஒரே சொல்தான். சண்டையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இதில் குழப்பமே வராது. ஆனால் விசாரணை அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஆங்கிலத்தில் தட்டச்சு செய்கிற அதிகாரி இரண்டில் ஒன்றை எழுதியே ஆகவேண்டும். ஒன்று எழுதினால் கைகலப்பு. மற்றதை எழுதினால் கொலை.

சிங்கப்பூர் நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரோடு, லிட்டில் இந்தியா என்கிற தேக்காவில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது இந்தப் பேச்சு வந்தது. எந்த வழக்கு, யார் என்பதற்கெல்லாம் அவர் வாய் திறக்கமாட்டார். சொற்களைப் பற்றி மட்டும்தான் பேசுவார். கூட இருந்த நண்பருக்கு அதில் அவ்வளவு சுவாரசியமில்லை. “கோர்ட்டு சொல்லியாச்சு, அப்பீலும் போயாச்சு. அதுக்கப்புறம் பழசக் கிளறி என்னண்ணே ஆகப்போவுது?” என்றார்.

நம்மில் முக்கால்வாசிப் பேர் கேட்கிற கேள்விதான். கிளறினால் என்ன ஆகும் என்பதற்குச் சிங்கப்பூரில் ஏற்கெனவே சில பதில்கள் இருக்கின்றன. அவற்றைப் படித்துப் பார்த்ததில் எனக்குப் படுவது இது: பழைய வழக்கு ஒன்று திரும்பத் திறக்குமா என்பதில் சட்டப் பிரிவுகளுக்கு இருக்கும் பங்கு நாம் நினைப்பதைவிடக் குறைவு. கைதான முதல் சில நாட்களில் யார் எதை எழுதினார்கள், எந்த மொழியில் கேட்டு எந்த மொழியில் எழுதினார்கள், எந்தத் தாளைக் கோப்பிலேயே வைத்துக்கொண்டார்கள் என்பதில்தான் பாதி அப்போதே முடிவாகிவிடுகிறது.

முதலில் சுலபமான பக்கத்தைப் பார்த்துவிடலாம். கொலைக்குச் சிங்கப்பூரில் காலாவதி கிடையாது. 2007ல் காணாமல்போன 19 வயதுப் பெண்ணின் வழக்கைக் குற்றப் புலனாய்வுத் துறை பல ஆண்டுகள் கழித்து மீண்டும் எடுத்துப் பார்த்தது. 2020 டிசம்பரில் ஓர் ஆடவர்மீது கொலைக் குற்றச்சாட்டே பதிவானது. ஆனால் உடல் கிடைக்கவில்லை. அந்தப் பெண் எப்படி இறந்தார் என்பதை நிரூபிக்க வழியில்லை. கடைசியில் 2022ல் அந்த ஆடவருக்குக் கிடைத்தது, கொலைக்கு அல்லாமல் மற்ற குற்றங்களுக்காக, 26 மாதச் சிறை. பலருக்கு இது ஆத்திரமாக இருந்தது, புரிகிறது. ஆனால் காலம் எல்லாத் தரப்பையும் ஒரே மாதிரிதான் அரிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. குற்றத்தை நிரூபிக்க வருகிறவருக்குக் கிடைக்காத தடயம், குற்றமற்றவர் என்று நிரூபிக்க வருகிறவருக்கு மட்டும் கிடைத்துவிடுமா?

அந்த இரண்டாவது ஆளின் கதைதான் கடினமானது. தீர்ப்பு வந்து, மேல்முறையீடும் தோற்று, சாங்கி சிறையில் உட்கார்ந்திருப்பவர்.

அவரிடம் போவதற்கு முன்னால், மேல்முறையீட்டுக் கட்டத்திலேயே மயிரிழையில் தப்பிய ஒருவரைப் பார்க்கவேண்டும். சட்ட வட்டாரத்தில் ‘காடர் வழக்கு’ என்றால் எல்லாருக்கும் தெரியும். 2005 மே மாதம், பூன் லேயில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. 69 வயது மூதாட்டி ஒருவர் கொல்லப்பட்டார். உடலில் 110க்கு மேற்பட்ட காயங்கள். படுத்த படுக்கையாக இருந்த அவருடைய கணவர் அப்போது அதே வீட்டில் இருந்தார். சகோதரர்கள் இருவர் கைதானார்கள். 2009ல் உயர் நீதிமன்றம் இருவருக்கும் மரண தண்டனை விதித்தது.

அவர்களில் ஒருவர் கொலைக்குக் காரணமே இல்லாதவர் என்று 2011 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லி அவரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. கைதாகி ஆறு ஆண்டுகள், அதில் தூக்குமேடையை எதிர்பார்த்துக் கழிந்தவை இரண்டு.

எது அவரைச் சிக்கவைத்தது? அவருடைய வாய்தான். குற்றத்தை ஒப்புக்கொண்டு வாக்குமூலம் கொடுத்திருந்தார். சம்பவ இடத்தில் அவர் இருந்தார் என்று காட்டும் பௌதிகத் தடயம் எதுவும் இல்லை. அறிவுத்திறன் சராசரிக்குக் கீழே. போதை மருந்துப் பழக்கமும் இருந்தது. மற்ற சகோதரரோ விசாரணை நடக்கும்போதே, தான் மட்டும்தான் செய்ததாக நீதிமன்றத்தில் சொன்னார். சில வாக்குமூலங்கள் சட்டம் சொல்கிற முறைப்படி பதிவாகவில்லை என்று கண்டித்த மேல்முறையீட்டு நீதிமன்றம் அவற்றைச் சாட்சியமாக ஏற்க மறுத்தது.

இதையெல்லாம்விட என்னைத் தூங்கவிடாத விஷயம் ஒன்று உண்டு. வீட்டில் படுத்திருந்த கணவர் போலிசாரிடம் என்ன சொல்லியிருந்தார் தெரியுமா? வந்தவர் ஒருவர் என்று. இருவர்மீது வழக்கு நடக்கிறது, கண்ணால் பார்த்தவரோ வந்தது ஒருவர்தான் என்கிறார். அந்த வாக்குமூலம் தற்காப்புத் தரப்பின் கைக்கு வந்தது விசாரணை தொடங்கி நீண்ட நாள் கழித்துத்தான். அதுவரை அது அரசாங்கத் தரப்பின் கோப்பில் இருந்தது.

ஒரு தாள். ஒருவர் என்ற ஒரு சொல். அது கோப்பிலேயே இருந்திருந்தால்?

நீதிமன்றமும் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கவேண்டும். தற்காப்புக்கு உதவக்கூடிய, நம்பத்தக்க தகவல் அரசாங்கத் தரப்பிடம் இருந்தால், அதைப் பயன்படுத்தும் எண்ணம் இல்லாவிட்டாலும் கொடுத்தே ஆகவேண்டும் என்று அந்தத் தீர்ப்பு விதித்தது. வழக்கறிஞர்கள் இன்றும் அதைக் ‘காடர் கடப்பாடு’ என்றுதான் சொல்கிறார்கள். 2020ல் நபில் வழக்கில் நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், முக்கியச் சாட்சி ஒருவரை அரசாங்கத் தரப்பு அழைக்கப்போவதில்லை என்றால் அவருடைய வாக்குமூலம் யாருக்குச் சாதகம் என்று பார்க்காமலேயே கொடுத்துவிடவேண்டும் என்றது. நல்ல மாற்றம். ஆனால் 2011க்கு முன்பு முடிந்த வழக்குகளின் கோப்புகளில் என்னென்ன இருக்கின்றன என்பது வேறு விஷயம். இருக்கிறது என்றே தெரியாத ஒன்றைக் கைதி எப்படிக் கேட்பார்?

சரி, மேல்முறையீடும் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் என்ன வழி? நீண்ட காலத்துக்கு இதற்குச் சட்டத்தில் தெளிவான பாதையே கிடையாது. முடிந்தது முடிந்ததுதான் என்ற நிலையை நீதிமன்றமே கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தியது. கோ ஜாபிங் என்ற சரவாக்காரரின் வழக்கில் 2016 ஏப்ரலில், எந்த நிலையில் முடிந்த வழக்கைத் திறக்கலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அளவுகோல் வகுத்தது. அந்த அளவுகோலுக்கு அவருடைய வழக்கே எட்டவில்லை. அதே ஆண்டு மே 20ஆம் தேதி அவர் தூக்கிலிடப்பட்டார். இந்த அளவுகோலைத்தான் 2018ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்த்தார்கள்.

அளவுகோல் என்ன சொல்கிறது? புதிதாகக் கொண்டுவரும் விஷயம் முன்பு எந்தக் கட்டத்திலும் பேசப்படாததாக இருக்கவேண்டும். அக்கறையோடு முயன்றிருந்தாலும் அப்போது கொண்டுவந்திருக்க முடியாததாக இருக்கவேண்டும். அதோடு, நம்பகமானதாகவும் கனமானதாகவும் இருந்து, அநீதி நடந்துவிட்டதைக் கிட்டத்தட்ட முடிவாகவே காட்டவேண்டும். இத்தனையும் இருந்தாலும் நேரே போய் வாதாட முடியாது. வாதாட அனுமதி கேட்டு முதலில் ஒரு மனு. மரண தண்டனை வழக்குகளுக்கு 2024 ஜூன் 28 முதல் நடப்புக்கு வந்த தனிச் சட்டம் ஒன்று இன்னும் சில நிபந்தனைகளைச் சேர்த்திருக்கிறது.

கடைசி நேரத்தில், தூக்குக்கு முதல் நாள் ராத்திரி, ஒன்றுமில்லாத மனுக்கள் வந்து குவிகின்றன என்பது நீதிமன்றத்தின் நியாயமான குறை. பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பத்துக்கும் ஒருநாள் இது முடியவேண்டும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ‘கிட்டத்தட்ட முடிவாக’ என்ற அந்தச் சொற்றொடரைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சிறையில் இருக்கிறவரிடம் புலனாய்வாளர் இல்லை, ஆய்வுக்கூடம் இல்லை, பழைய கோப்பைக் கொண்டுவா என்று உத்தரவிடும் அதிகாரம் இல்லை. பிரிட்டனில் 1997 முதல் இதற்கென்றே தனி ஆணையம் இயங்குகிறது. போலிசிடமிருந்து ஆவணங்களைக் கேட்டு வாங்கும், தடயங்களை மறுபடி சோதிக்கச் சொல்லும், தேறுகிற வழக்குகளை மேல்முறையீட்டுக்கு அனுப்பும். நியூசிலாந்து 2020ல் அப்படி ஒன்றைத் தொடங்கியது. சிங்கப்பூரில் அப்படி அரசாங்க அமைப்பு இல்லை. மனு போடுவதும் கைதி, தேடுவதும் கைதியின் வழக்கறிஞர். பெரும்பாலும் கட்டணம் வாங்காத வழக்கறிஞர்.

அப்படியும் ஒருவருக்குக் கதவு திறந்திருக்கிறது. அது கொலை வழக்கில்லை, போதைப்பொருள் வழக்கு. ஆனாலும் இங்கே சொல்லாமல் விட முடியாது. நைஜீரியரான இலெச்சுக்குவை உயர் நீதிமன்றம் 2014ல் விடுவித்தது. 2015ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றிக் குற்றவாளி என்றது. காரணம், அவர் விசாரணையில் நிறையப் பொய் சொல்லியிருந்தார். குற்றம் செய்யாதவர் ஏன் பொய் சொல்கிறார்? நம் ஊர்க் கோப்பிக்கடையில் கேட்டாலும் இதே கேள்விதான் வரும். பிறகு, தண்டனை பற்றிய கட்டத்துக்காக எழுதப்பட்ட மனநல மருத்துவ அறிக்கையில் ஒரு விவரம் வெளிவந்தது. ஐந்து வயதில், வுக்காரி என்ற ஊரில் நடந்த படுகொலையைக் கண்ணால் பார்த்தவர் அவர். அந்த அதிர்ச்சியின் பாதிப்பு, உயிருக்கு ஆபத்து என்று தோன்றும்போது அவரைக் கண்டபடி மறுக்கவும் பொய் சொல்லவும் வைத்திருக்கலாம். 2017ல் வழக்கு திரும்பத் திறந்தது. 2020 செப்டம்பரில் ஐந்து நீதிபதிகளில் நால்வர் அவரை விடுவித்தார்கள்.

கவனியுங்கள், சம்பவத்தைப் பார்த்த புதிய சாட்சி வரவில்லை, புதிய தடயமும் வரவில்லை. வேறு வேலைக்காக எழுதப்பட்ட ஒரு தாள், தற்செயலாகச் சரியான கையில் கிடைத்தது.

மரபணுச் சோதனை வந்துவிட்டதே, அது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. உலகிலேயே முதன்முதலாக ஒரு கொலைப் புலனாய்வில் மரபணுச் சோதனை பயன்பட்டபோது, அது முதலில் செய்த வேலை ஒரு நிரபராதியைக் காப்பாற்றியதுதான். 1986ல் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷியர் வட்டாரத்தில், கற்றல் குறைபாடு உள்ள 17 வயதுப் பையன் ஒருவன் கொலையை ஒப்புக்கொண்டிருந்தான். சோதனை, அவனில்லை என்றது. பூன் லே வழக்கோடு சேர்த்து இதைப் படித்தால், ‘அவனே ஒத்துக்கிட்டானே’ என்று நாம் சொல்வதற்கு முன் ஒரு நிமிடம் நிற்கத் தோன்றும். ஆனால் சோதிக்க ஏதாவது இருக்கவேண்டுமே. 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் ரத்த வகை பார்ப்பதற்காக எடுத்துவைத்த துணி, கத்தி, நகக்கண் அழுக்கு இன்று எங்கே? வெட்டுக்குத்து வழக்குகளில் இன்னொரு சிக்கல்: குற்றவாளியின் மரபணு அங்கே இருந்தே ஆகவேண்டும் என்று கட்டாயமில்லை. இருந்தாலும், அதே புளோக்கில் வசிப்பவர் என்றால் வேறு காரணமும் இருக்கலாம்.

பழைய வழக்குகளைப் படிக்கிறவர்களுக்குச் சிங்கப்பூரில் ஒரு வசதியும் உண்டு, எதிர்பாராத இடத்திலிருந்து. பொதுமக்கள் சிலர் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் ஜூரி முறையை இங்கே 1969ல் ஒழித்தார்கள். அப்போது டேவிட் மார்ஷல் போன்ற வழக்கறிஞர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். எதிர்த்தது சரியா தவறா என்பது வேறு பேச்சு. ஜூரி தன் முடிவுக்குக் காரணம் சொல்லாது. 1965ல் சன்னி ஆங் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். காதலி கடலில் முக்குளிக்க இறங்கினாள், திரும்பி வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. ஜூரி குற்றவாளி என்றது, 1967ல் தூக்கு. எந்தச் சாட்சியத்தை நம்பி அந்த முடிவுக்கு வந்தார்கள்? தெரியாது, தெரியவும் போவதில்லை. நீதிபதி மட்டும் விசாரிக்கிற இன்றைய முறையில் காரணங்கள் பக்கம் பக்கமாக எழுத்தில் இருக்கின்றன. எழுதினால்தானே தப்பைக் காட்ட முடியும்! காடர் தீர்ப்பில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரிவரியாகப் பிரித்துப் போட முடிந்ததே அதனால்தான்.

நம் சமூகத்துக்கு நெருக்கமான ஒரு வழக்கையும் சொல்லவேண்டும். 1995 செப்டம்பரில் செம்பவாங் வட்டாரத்தில் ஒரு பெண் கொல்லப்பட்டுக் கிடந்தார். அவரோடு பழக்கம் இருந்ததாகச் சொல்லப்பட்ட இந்தியர் ஒருவர் கைதானார். நேரில் பார்த்தவர் யாரும் இல்லை, எல்லாம் சூழ்நிலைச் சாட்சியங்கள். 1996ல் மரண தண்டனை. வழக்கறிஞர் சுபாஸ் ஆனந்தன் வாதாடிய மேல்முறையீட்டில், 1997 ஜனவரியில் அவர் விடுதலையானார். அந்தச் சாட்சியங்களைக் கோத்துப் பார்த்தால் அவர்தான் என்ற முடிவைத் தவிர வேறு முடிவே வராது என்று சொல்ல முடியவில்லை. அந்தக் கொலைக்காக வேறு யாரும் தண்டிக்கப்படவில்லை. தவறான தீர்ப்பைப் பற்றிப் பேசும்போது இதை மறந்துவிடுகிறோம்: ஒருவரைத் தவறாகப் பிடித்த நாளிலிருந்து மற்றவரைத் தேடுவது நின்றுவிடுகிறது. தேடலாம் என்று திரும்பும்போது சாட்சிகள் வீடு மாறியிருப்பார்கள், ஞாபகம் தேய்ந்திருக்கும், சிலர் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

நாம் மட்டும் என்ன ஒழுங்கா? 1984ல் காணாமல்போன ஒருவரைக் கொன்று ‘கறி’ சமைத்துவிட்டார்கள் என்று ஒரு வழக்கு, ஞாபகமிருக்கும். 1987ல் ஆறு பேர்மீது குற்றம் சாட்டி, ஆதாரம் போதாமல் விசாரணை நாளன்றே விடுவித்தார்கள். நிரபராதி என்ற தீர்ப்புக்கு ஈடாகாத விடுவிப்பு அது. எந்த நீதிமன்றத்திலும் நிரூபணமாகவில்லை. ஆனால் தேக்காவில் உட்கார்ந்து கேளுங்கள், மசாலா முதற்கொண்டு விவரம் சொல்வார்கள்.

மொழிக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அந்தப் பெரியவரை என்னால் விட முடியவில்லை. வாக்குமூலம் பதிவாகும் முறை இது: அதிகாரி ஆங்கிலத்தில் கேட்கிறார், மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்கிறார், பதில் தமிழில் வருகிறது, ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. பிறகு அதைத் தமிழில் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குகிறார்கள். கைதானவுடனே வழக்கறிஞர் பக்கத்தில் வந்து உட்காருவதில்லை. ‘நியாயமான கால அவகாசத்துக்குள்’ பார்க்கலாம் என்பதே நிலை. பழைய கோப்பில் மிஞ்சியிருப்பது அந்த ஆங்கிலத் தாளும் அடியில் ஒரு கையெழுத்தும். அவர் சொன்ன தமிழ் எங்கேயும் இல்லை.

“குத்தினேன் கூடப் பரவாயில்ல, தம்பி. ‘வந்தாங்க’ன்னு சொன்னா என்ன பண்ணுவே?” என்றார் பெரியவர். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். பேச்சுத் தமிழில் ‘வந்தாங்க’ என்றால் பலர் வந்தார்கள் என்றும் ஆகலாம், மரியாதைக்குரிய ஒருவர் வந்தார் என்றும் ஆகலாம். ‘அண்ணன் வீட்டிலேருந்து வந்தாங்க’ என்றால் எத்தனை பேர்? வந்தவர் ஒருவரா இருவரா என்பதிலேயே ஓர் உயிர் ஊசலாடியதைப் பூன் லேயில் பார்த்தோம். அங்கே பேசியது தமிழில்லை. தமிழாக இருந்திருந்தால்?

இன்னொன்று ‘நாங்க’, ‘நாம’. எதிரில் இருப்பவரிடம் “நாம போனோம்” என்றால் நீயும் உண்டு, “நாங்க போனோம்” என்றால் நீ இல்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். பலர் சேர்ந்து செய்த குற்றத்தில், குத்தியவர் ஒருவராக இருந்தாலும் பொது நோக்கம் இருந்தால் எல்லாருக்கும் கொலைப் பழி வரும் என்கிறது தண்டனைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு. அந்த நோக்கம் எவ்வளவு கறாராக இருக்கவேண்டும் என்பதை 2010ல் டேனியல் விஜய் வழக்கில்தான் நீதிமன்றம் தெளிவாக்கியது. அதற்கு முன்பு முடிந்த வழக்குகளில், இந்த இரண்டு சொற்களில் எதைச் சொன்னார் என்று இப்போது யாரிடம் போய்க் கேட்பது?

2018 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு வாக்குமூலத்தைக் காணொளியாகப் பதிவுசெய்ய வழி வந்திருக்கிறது, படிப்படியாக. இனி வரும் வழக்குகளில் சந்தேகம் வந்தால் திரும்பப் போட்டுக் கேட்கலாம். தமிழ் தெரிந்த யாரும் கேட்கலாம்.

கருணை மனுவும் ஒரு வழிதான். அதிபர், அமைச்சரவையின் ஆலோசனைப்படி தண்டனையைக் குறைக்கலாம். 1998ல் ஒரு தமிழ் இளைஞருக்குத் தூக்கு ஆயுளாகக் குறைந்தது. அடுத்த முறை அப்படி நடந்தது 2025 ஆகஸ்டில். ஆனால் கருணை தண்டனையைத்தான் குறைக்கும், தீர்ப்பைத் தொடாது. செய்யாதவருக்குக் கருணை எதற்கு?

நண்பர் கோப்பியை முடித்துவிட்டிருந்தார். “அப்ப அந்த ஆளு ‘குத்தினேன்’னு சொன்னா, நீங்க என்னன்னுதான் சொல்லுவீங்க?” என்று பெரியவரைக் கேட்டார்.

“நான் எதுவும் சொல்லக்கூடாது. மொழிபெயர்ப்பாளர் சொந்தமா கேள்வி கேக்கக்கூடாது. இந்தச் சொல்லுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு, கையாலயா கத்தியாலயான்னு கேக்கட்டுமான்னு அதிகாரிகிட்ட கேப்பேன். கேளுன்னு சொன்னா கேப்பேன்.”

“சொல்லலேன்னா?”

“சொல்லாத நாளும் உண்டு” என்றார்.